மதுரை காமராசர் பல்கலைக்கழகம்: சேர விரும்புவோருக்கு ஒரு மதிப்பீடு

மதுரையிலிருந்து தேனி செல்லும் நெடுஞ்சாலையில், நகரத்துக்கு மேற்கே ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பல்கலை நகர் வளாகத்தில் முதுநிலைப் படிப்புக்கோ ஆய்வுக்கோ சேரலாமா என்று யோசிக்கும் மாணவர்களையும் அவர்களுடைய பெற்றோரையும் மனத்தில் கொண்டு இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பெரும்பாலும் இரண்டு பேச்சுகளே காதில் விழுகின்றன. ஒன்று அதன் பழம்பெருமை. மற்றொன்று அண்மை ஆண்டுகளில் நாளிதழ்களில் இடம்பெற்றுவரும் சம்பளப் பாக்கி, ஓய்வூதியப் பாக்கிச் செய்திகள். இரண்டும் உண்மையே. ஆயினும் இவற்றில் ஏதேனும் ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுப்பது மாணவருக்கு நன்மை தராது; ஏனெனில் எவரும் ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரிடம் படிப்பதில்லை, ஒரு துறையில், விரல்விட்டு எண்ணத்தக்க ஆசிரியர்களிடம், ஓர் ஆய்வகத்திலோ நூலகத்திலோதான் படிக்கிறார்கள். எனவே துறையைத் தேர்ந்தெடுங்கள், பிறகு பல்கலைக்கழகத்தைப் பாருங்கள் என்பதே என் கருத்து. அதற்கான காரணங்களை இந்த நிறுவனம் வளர்ந்த விதத்திலேயே காணலாம்.

தென்மாவட்டக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கிவந்த நிலையில், 1966ஆம் ஆண்டு மதுரைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய அன்றைய மாவட்டங்கள் அதன் எல்லைக்குள் வந்தன. பட்டச் சான்றிதழுக்கும் தேர்வு விவகாரங்களுக்கும் சென்னைக்கு இரயிலேற வேண்டியிருந்த ஒரு தலைமுறைக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை இன்றைய மாணவர் எளிதில் உணர முடியாது. முதல் துணைவேந்தராக வந்தவர் பன்மொழிப் புலவர் தெ.பொ. மீனாட்சிசுந்தரனார். அவருக்குப் பின் 1971இல் மு. வரதராசனார் பொறுப்பேற்று, 1974இல் தாம் மறையும் வரை அப்பதவியில் இருந்தார். 1979 முதல் 1982 வரை வ.சுப. மாணிக்கனார் துணைவேந்தராக இருந்தார். தொடங்கிய முதல் பதினாறு ஆண்டுகளுக்குள் மூன்று பெரும் தமிழறிஞர்களின் தலைமையைப் பெற்றது இதன் தனிச்சிறப்பு. தமிழும் மொழியியலும் இங்கே வெறும் பாடங்களாக அன்றி, ஆய்வுக்குரிய துறைகளாக வேரூன்றியதற்கு இதுவே அடிப்படை. காமராசர் மறைந்து சில ஆண்டுகள் கழித்து, 1978இல், பல்கலைக்கழகம் அவருடைய பெயரைத் தாங்கியது. அவர் பிறந்த விருதுநகரின் கல்லூரிகள் இன்றும் இதன் இணைப்பில்தான் இருக்கின்றன.

வளாகத்தின் அமைப்பைப் புரிந்துகொள்வது மிகவும் முக்கியம், ஏனெனில் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் இதில் குழம்பிவிடுகிறார்கள். மதுரை, தேனி, திண்டுக்கல், விருதுநகர் மாவட்டங்களின் இணைப்புக் கல்லூரிகளில் படிக்கும் இளநிலை மாணவர்களுக்குப் பல்கலைக்கழகம் என்பது வினாத்தாளும் மதிப்பெண் பட்டியலும் பட்டச் சான்றிதழும்தான். தொலைநிலைக் கல்வி மாணவர்களுக்கும் அப்படியே. பல்கலை நகருக்குள் நாள்தோறும் வந்து படிப்பவர்கள் இவர்களோடு ஒப்பிடும்போது மிகச் சிலர். அவர்களில் பெரும்பாலோர் முதுநிலை மாணவர்களும் ஆய்வாளர்களுமே. தனித்தனித் துறைகளை ஒன்றுசேர்த்துப் புலங்களாக அமைத்திருப்பது இந்த வளாகத்தின் அடையாளம். உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம், தமிழ், பொருளியல் என ஒவ்வொரு புலமும் தனக்கென ஒரு மரபையும் தனக்கென ஒரு மனநிலையையும் கொண்டது. ஒரே வளாகத்தில் பக்கத்துப் பக்கத்துக் கட்டடங்களில் இரண்டு வேறு உலகங்களைக் காணலாம்: ஒன்றில் ஆய்வகம் இரவிலும் இயங்கும், மற்றொன்றில் பிற்பகலுக்குப் பின் ஆள் நடமாட்டம் இராது. ஒட்டுமொத்தமாக இந்தப் பல்கலைக்கழகம் நல்லதா, கெட்டதா என்று கேட்பவர்களுக்கு நேரான பதில் தர முடியாமல் போவது இதனால்தான்.

உயிர் அறிவியலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு வட்டாரப் பல்கலைக்கழகம் தன் மண்ணிலிருந்தே உலகத் தரமான அறிவியலை உருவாக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று தமிழ்நாட்டில் எனக்குத் தெரிந்து இல்லை. ஜெர்மனியில் ஆய்வு செய்து திரும்பிய எம்.கே. சந்திரசேகரன், உயிர்களின் உடலுக்குள் ஓடும் காலக் கடிகாரத்தை ஆராயும் காலவுயிரியலை 1970களில் இங்கே நிறுவினார். அவரும் அவருடைய மாணவர்களும் தேடிச் சென்ற ஆய்வுக்களம் வெளிநாட்டில் இல்லை. வளாகத்துக்கு அருகிலிருக்கும் சமணமலையின் குகைதான் அது. பகலும் இரவும் தெரியாத அந்த இருட்டுக் குகைக்குள் ஒரு வௌவாலைக் கூண்டில் வைத்து, அதன் அசைவுகளைப் பதிவு செய்தார்கள். குகையில் சுதந்திரமாக வாழும் மற்ற வௌவால்கள் மாலையில் வெளியேறுவதும் விடியலில் திரும்புவதுமாக இருந்தவரை, வெளிச்சத்தையே காணாத கூண்டு வௌவாலும் அதே நேர ஒழுங்கைக் கடைப்பிடித்தது. கூட்டத்தின் துணையில்லாமல் தனித்து வைத்தபோது அதன் கடிகாரம் வெளியுலக நேரத்தை விட்டு விலகித் தன் போக்கில் ஓடியது. சூரிய ஒளி மட்டுமல்லாமல், சமூகத் தொடர்பும் ஓர் உயிரின் நாள்கணக்கைச் சீர்செய்யும் என்பதை இந்த ஆய்வு காட்டியது. பிற்காலத்தில் கடிகாரமோ வானொலியோ நாளிதழோ சாளர வெளிச்சமோ எட்டாத ஒரு தனிமைக் கூடத்தை வளாகத்திலேயே அமைத்து, விரும்பி வந்த மனிதர்களை அதில் பல நாட்கள் தங்கவைத்து அவர்களுடைய தூக்கத்தையும் விழிப்பையும் ஆராய்ந்தார்கள். விலையுயர்ந்த கருவிகளைவிடக் கூர்மையான கேள்வியே ஆய்வுக்கு முதல் தேவை என்பதை இந்தப் புலம் ஒரு தலைமுறைக்கே கற்றுக்கொடுத்தது.

உயிரித் தொழில்நுட்பத்திலும் இதே துணிவு இருந்தது. நடுவண் அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 1980களின் நடுவில் முதுநிலைப் படிப்பை நாட்டில் தொடங்கிவைத்தபோது அதற்காகத் தேர்வான முதல் சில பல்கலைக்கழகங்களில் மதுரையும் இருந்தது. மரபணுப் பொறியியல் என்ற சொல்லே பலருக்குப் புதிதாக இருந்த காலத்தில், உசிலம்பட்டியிலும் கம்பத்திலும் பள்ளிப்படிப்பை முடித்தவர்கள் இந்த ஆய்வகங்களுக்குள் நுழையும் வாய்ப்பு ஏற்பட்டது. இங்கிருந்து சென்றவர்கள் இன்று நாட்டின் பெரிய ஆய்வு நிறுவனங்களிலும் வெளிநாட்டு ஆய்வகங்களிலும் பரவியிருக்கிறார்கள். புதிதாகச் சேரும் மாணவருக்கு இந்த வலைப்பின்னல் பெரும் பயன் தரக்கூடியது. முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் அதன் மதிப்பு முழுமையாகப் புரியும்.

மொழி, வரலாறு, தத்துவம் சார்ந்த புலங்களைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். தமிழ், மொழியியல், வரலாறு ஆகியவற்றோடு சைவ சித்தாந்தத்துக்கும், காந்தியச் சிந்தனை மற்றும் இராமலிங்கர் தத்துவத்துக்கும் தனித்தனித் துறைகள் இருப்பது வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காத ஒன்று. இத்தகைய துறைகளில் சேர்பவர் எண்ணிக்கை குறைவாகத்தான் இருக்கும். ஆனால் வள்ளலாரைப் பற்றியோ சித்தாந்த சாத்திரங்களைப் பற்றியோ முறையாக ஆய்வு செய்ய விரும்பும் ஒருவருக்கு, ஆசிரியரும் நூலகமும் ஒரே இடத்தில் கிடைக்கும் வாய்ப்பு வேறு எங்கே இருக்கிறது? வேலைவாய்ப்பை மட்டுமே அளவுகோலாகக் கொண்டு இத்துறைகளை மூடிவிடலாம் என்று சொல்பவர்களோடு நான் முற்றிலும் மாறுபடுகிறேன். அரசுப் பல்கலைக்கழகம் அவற்றைக் காப்பாற்றாவிட்டால் வேறு யாரும் காப்பாற்றப் போவதில்லை.

வளாக வாழ்க்கையைப் பொறுத்தவரை, முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது அதன் பரப்பு. ஏறத்தாழ 750 ஏக்கரில் கட்டடங்கள் ஒன்றுக்கொன்று விலகி நிற்கின்றன. சித்திரை, வைகாசி வெயிலில் விடுதியிலிருந்து துறைக்கும், துறையிலிருந்து நூலகத்துக்கும் நடப்பது எளிதான காரியமில்லை. மிதிவண்டியோ இருசக்கர வாகனமோ இருந்தால் நாளின் பாதிக் களைப்பு குறையும். காலையிலும் மாலையிலும் இந்த விரிவே வரமாக மாறுகிறது. நகர இரைச்சல் எட்டாத அமைதி, நாகமலைத் தொடரின் நீண்ட முதுகு, மழைக்குப் பின் பசுமை ஏறும் புதர்க்காடு ஆகியவை ஆய்வு மாணவருக்குத் தேவையான மன ஒருமையைத் தரும். முதல் துணைவேந்தரின் பெயரைத் தாங்கிய நூலகம் தமிழ், மொழியியல், வரலாறு ஆகியவற்றின் பழைய தொகுப்புகளுக்காகவே செல்லத்தக்கது. பழைய இதழ்களின் தொடர்கள், வெளியில் கிடைக்காத ஆய்வேடுகள் போன்றவற்றைத் தேடுபவர்கள் நாள் கணக்கில் அங்கே உட்கார்ந்திருக்கலாம்.

சமணமலையைப் பற்றி இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். வௌவால் ஆய்வு நடந்த அதே மலையில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு சமணத் துறவிகள் வாழ்ந்து கற்பித்திருக்கிறார்கள். கீழக்குயில்குடிப் பக்கம் ஏறினால் செட்டிப்புடவு குகையின் தீர்த்தங்கரர் சிற்பங்களையும், பேச்சிப்பள்ளத்தில் வட்டெழுத்துக் கல்வெட்டுகளோடு அமைந்த புடைப்புச் சிற்ப வரிசையையும் காணலாம். சற்றுத் தள்ளிக் கொங்கர் புளியங்குளத்தில் தமிழ் பிராமி எழுத்துகளும் கற்படுக்கைகளும் உள்ளன. வரலாறு, தொல்லியல், கல்வெட்டியல் பயில்பவர்களுக்கு இவையெல்லாம் சுற்றுலா இடங்களாக இல்லாமல், வகுப்பறையின் நீட்சியாகவே அமைகின்றன. மாணவர்களை ஒவ்வொரு பருவத்திலும் அங்கே அழைத்துச் சென்று கல்வெட்டு படிக்கச் சொல்லும் ஆசிரியர் கிடைத்தால் அந்த மாணவர்கள் பாக்கியசாலிகள்.

போக்குவரத்தில் பெரிய குறையில்லை. ஆரப்பாளையம் பேருந்து நிலையத்திலிருந்து தேனி வழியில் செல்லும் பேருந்துகள் இவ்வழியாகவே போகின்றன. நகரப் பேருந்துகளும் உண்டு. மதுரை–போடி இரயில் பாதை அகலப்பாதை ஆக்கப்பட்டு, 2022இல் தேனி வரையிலும் 2023இல் போடி வரையிலும் வண்டிகள் மீண்டும் ஓடத் தொடங்கியது தேனி மாவட்ட மாணவர்களுக்கு நல்ல செய்தி. வடபழஞ்சி நிலையம் வளாகத்துக்கு அருகில்தான் உள்ளது. ஆனால் இரவில் நிலைமை வேறு. மாலைக்குப் பின் ஆய்வகத்தில் தங்கும் மாணவியர், விடுதியில் இடம் பெறாமல் நகரத்திலிருந்து வந்துபோவது கடினம். ஆகவே ஆய்வுப் படிப்பில் சேரும் பெண்கள் விடுதி இடத்தை உறுதி செய்துகொண்ட பிறகே சேர வேண்டும் என்று அழுத்தமாகச் சொல்வேன்.

இங்கு படிப்போரில் தம் குடும்பத்தின் முதல் பட்டதாரிகளாக வருபவர் பலர். கட்டணம் தனியார் நிறுவனங்களோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு; பிற்படுத்தப்பட்ட, பட்டியல் இன மாணவர்களுக்கான அரசு உதவித்தொகையும் சேரும்போது, கூலி வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளைகூட முனைவர் பட்டம் வரை போக முடிகிறது. அறிவியல் வகுப்புகள் ஆங்கிலத்தில் நடப்பதால், தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு முதல் பருவம் மூச்சுத்திணறும் பருவமாகவே இருக்கும். ஆசிரியர்கள் தமிழில் விளக்கத் தயங்குவதில்லை, மூத்த மாணவர்களும் கைகொடுக்கிறார்கள். தமிழ்வழிக் கல்விக்காக வாழ்நாள் முழுதும் குரல் கொடுத்த மாணிக்கனார் தலைமை தாங்கிய நிறுவனம் இதற்கென முறையான இணைப்புப் பயிற்சியை எல்லாத் துறைகளிலும் நடத்த வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

இனி நிதிநிலை. மாணவர்கள் இதைத் தங்களுக்குத் தொடர்பில்லாத நிர்வாகச் சிக்கலாகக் கருதக் கூடாது. 2023, 2024 ஆண்டுகளில் சம்பளமும் ஓய்வூதியமும் உரிய காலத்தில் கிடைக்காமல் ஊழியர்களும் ஓய்வு பெற்றவர்களும் போராட்டத்தில் இறங்கியதை அனைவரும் அறிவோம். இதை ஒரு சிலரின் தவறாக மட்டும் விளக்கிவிட முடியாது. இந்தப் பல்கலைக்கழகம் எந்த வருவாயில் வளர்ந்தது என்று பார்த்தால் காரணம் தெளிவாகும். தொடக்கத்தில் தென்மாவட்டங்களின் கலை, அறிவியல் கல்லூரிகளோடு மருத்துவம், பொறியியல், சட்டம், கல்வியியல் கல்லூரிகளும் இதனோடு இணைந்திருந்தன. இணைப்புக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் நிலையான வருவாயாக வந்தன. 1988இல் மருத்துவக் கல்லூரிகள் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்குப் போயின. 1990இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தோன்றியபோது நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டக் கல்லூரிகள் பிரிந்தன. 1997இல் சட்டக் கல்லூரிகள் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்துக்கும், 2001இல் பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்துக்கும், 2008இல் கல்வியியல் கல்லூரிகள் அவற்றுக்கெனத் தனியே அமைந்த பல்கலைக்கழகத்துக்கும் மாறின. இராமநாதபுரம், சிவகங்கைக் கல்லூரிகள் அழகப்பா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தன. இந்தப் பிரிவுகள் ஒவ்வொன்றுக்கும் நியாயமான கல்விக் காரணம் இருந்தது. எனினும் கல்லூரிகள் போனபோது வருவாயும் போனது. வளாகமும் ஊழியர்களும் ஓய்வூதியப் பொறுப்பும் அப்படியே தங்கிவிட்டன.

அந்த இடைவெளியை நெடுங்காலம் நிரப்பியது தொலைநிலைக் கல்வி. 1971இலேயே அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிய மதுரை, வேலையில் இருந்த ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள், இளவயதில் மணமாகிப் படிப்பை விட்ட பெண்கள் எனப் பல்லாயிரம் பேருக்குப் பட்டம் தந்தது. அதை வெறும் வருவாய் வழி என்று பேசுவோர் அது செய்த சமூகப் பணியை மறந்துவிடுகிறார்கள். பின்னர் மாநில எல்லைக்கு வெளியே மையங்கள் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு கட்டுப்படுத்தியது; போட்டியாளர்களும் பெருகினார்கள்; மாணவர் எண்ணிக்கை சரிந்தது. ஓய்வூதியத்தைப் பல்கலைக்கழகம் தன் நிதியிலிருந்தே தர வேண்டியிருக்கும் நிலையில், வருவாய் சுருங்கிய பிறகு நெருக்கடி வராமல் இருந்திருந்தால்தான் வியப்பு. மாநில அரசு ஓய்வூதியப் பொறுப்பைத் தானே ஏற்காமல் இதற்கு நிலையான தீர்வு கிடைக்கும் என்று நான் நம்பவில்லை.

மாணவர் இதை எங்கே உணர்வார்? ஓய்வு பெற்ற பேராசிரியரின் இடம் நிரப்பப்படாமல் இருப்பதில், கௌரவ விரிவுரையாளர்கள் நிலையான பணியின்றி முழுப் பாடச்சுமையைச் சுமப்பதில், பழுதான கருவி மாதக்கணக்கில் மூடியே கிடப்பதில் உணர்வார். தலைமையின் நிலையின்மையும் இதோடு சேர்ந்துகொண்டது: 2018இல் அப்போதைய துணைவேந்தரின் நியமனத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, 2024இல் பதவியில் இருந்தவர் காலம் முடியும் முன்பே விலகினார். முடிவெடுக்க வேண்டிய நாற்காலி காலியாக இருக்கும் ஒவ்வொரு மாதமும் ஏதோ ஒரு துறையில் ஏதோ ஒரு கோப்பு நகராமல் கிடக்கும். இத்தனைக்கும் நடுவில் 2021இல், உயர்கல்வி நிறுவனங்களை மதிப்பிட்டுத் தரம் வழங்கும் தேசியக் குழுவான நாக் (NAAC) ஏ++ தரம் வழங்கியிருக்கிறது. அது பொய்யான மதிப்பு இல்லை. பல ஆண்டுகளின் ஆய்வையும் ஆவணங்களையும் கணக்கிட்டுத் தரப்படுவது. ஆனால் நீங்கள் சேரப்போகும் துறையில் இந்த ஆண்டு எத்தனை ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்பதை அந்தத் தரம் சொல்லாது.

உயிர் அறிவியல், வேதியியல் ஆகிய புலங்களில், செயல்படும் ஆய்வகமும் நடப்பு ஆய்வுத் திட்டமும் உள்ள ஆசிரியரைக் கண்டறிந்து சேர்பவருக்கு இதை மனமாரப் பரிந்துரைக்கிறேன். தமிழ், மொழியியல், தத்துவம் சார்ந்த துறைகளை நூலகத்துக்காகவும் மரபுக்காகவும் பரிந்துரைக்கிறேன். அங்கே வழிகாட்டக்கூடிய நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். படிப்பு முடிந்ததும் வளாக நேர்காணலில் வேலை கிடைக்கும் என்ற எதிர்பார்ப்போடு மேலாண்மை, கணினி சார்ந்த படிப்புகளில் சேர்பவர்களுக்கு நகரத்துக்குள்ளேயே வேறு நல்ல வாய்ப்புகள் உள்ளன. மாநில அரசு நிறுவனமான எல்காட்டின் தகவல் தொழில்நுட்பப் பூங்கா வடபழஞ்சியில் அருகிலேயே இருந்தாலும், அந்த நெருக்கம் தானாக வேலையாக மாறிவிடாது. இளநிலை ஆய்வுப் பட்டமான எம்.பில். படிப்பை மானியக் குழு 2022இல் நிறுத்திவிட்டதால், ஆய்வில் ஈடுபட விரும்புவோர் நேரடியாக முனைவர் பட்டத்துக்கே பதிவு செய்ய வேண்டும். அதனால் நெறியாளரைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் காட்டுவது முன்பைவிட ஆபத்தானது.

விண்ணப்பிக்கும் முன் வேலை நாள் ஒன்றில் பிற்பகல் மூன்று மணிக்குமேல் துறைக்கு நேரில் செல்லுங்கள். ஆய்வகத்தில் யார் வேலை செய்கிறார்கள் என்று பாருங்கள். அங்கே படிக்கும் இரண்டாமாண்டு மாணவரிடமும், ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கும் ஒருவரிடமும் தனித்தனியே பேசுங்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பித்த பின் வாய்மொழித் தேர்வு நடக்க எத்தனை மாதம் ஆகிறது, உதவித்தொகை தடையின்றி வருகிறதா, கடந்த இரண்டு ஆண்டுகளில் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர் எத்தனை பேர், வந்து சேர்ந்தவர் எத்தனை பேர் என்ற கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். தொலைநிலைக் கல்வியில் சேர நினைப்பவர்கள், அந்தப் படிப்புக்கு அந்தக் கல்வியாண்டில் மானியக் குழுவின் ஒப்புதல் இருக்கிறதா என்பதைக் குழு வெளியிடும் பட்டியலில் பார்த்த பிறகே கட்டணம் செலுத்த வேண்டும்.